உப்புத்தாள் தூசியும் தொழிலாளர் சட்டமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகளுக்கு வேலையெல்லாம் கரையில்தான். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள், பலகை மாற்றுகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள் என்று அந்த இரண்டு மாதமும் துறைமுகம் வேறொரு பட்டறையாக மாறியிருக்கும். அவர்களுக்கு நடுவில், படகின் பக்கவாட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்தபடி பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிறவர்களையும் பார்க்கலாம். சென்ற தடைக்காலத்தில் அப்படி ஒருவருக்கு அருகில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். அது இரும்பால் கட்டிய படகு. முதலில் சிறு சுத்தியலால் தட்டி உப்பியிருந்த இடங்களை உதிர்த்தார். பிறகு சுரண்டியால் இழுத்தார். கடைசியில் வயர் பிரஷ் மாட்டிய கிரைண்டரை ஓடவிட்டார். மேலே நீலம், அதற்குக் கீழே வெளிறிய பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் இரும்போடு ஒட்டிக்கொண்டு ஆரஞ்சு சாயலுள்ள ஒரு சிவப்பு. கிரைண்டர் அந்தச் சிவப்பைத் தொட்டதும் புகைபோலக் கிளம்பிய தூசி அவருடைய புருவத்திலும் காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் படிந்தது. மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு பழைய துண்டு கட்டியிருந்தார். தேநீர் வந்ததும் துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு, ஒரு கையில் கிளாசும் மறு கையில் மசால்வடையுமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

"அடியில இருக்கிற சிவப்பு என்ன பெயின்ட்ணே?" என்று கேட்டேன்.

"அது எந்தக் காலத்துல அட்ச்சதோ தம்பி, எனக்கு முன்னால எவனோ அட்ச்சுட்டுப் போயிருக்கான்" என்றார்.

அந்தச் சிவப்பு வெறும் இரும்பு ஆக்சைடாக இருக்கலாம். அப்படியென்றால் பயம் குறைவு. ஆனால் அது ரெட் லெட் என்று பெயின்டர்கள் சொல்லும் காரீயச் செந்தூரமாகவும் இருக்கலாம். துருப் பிடிக்காமல் இருக்க இரும்புக்கு அடிக்கும் முதல் பூச்சாக, கப்பல்களுக்கும் பாலங்களுக்கும் உலகம் முழுவதும் பல தலைமுறைகளாக அடித்துவந்த பொருள் அது. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல எந்த அனுபவசாலியாலும் முடியாது. மஞ்சள், ஆரஞ்சு பெயின்ட்டுகளில் காரீய குரோமேட் என்ற நிறமி சேர்க்கப்படுவதுண்டு. அதில் காரீயத்தோடு புற்றுநோயை உண்டாக்கும் குரோமியமும் சேர்ந்தே வருகிறது. எனாமல் பெயின்ட் சீக்கிரம் காய்வதற்காகச் சேர்க்கும் உலர்த்திகளிலும் காரீயச் சேர்மங்கள் இருந்திருக்கின்றன. தான் சுரண்டுவது எது என்று தெரியாத மனிதர், அதைத் தெரிந்து சொல்ல வேண்டிய கடமை யாருக்குமே இல்லாத ஓர் இடத்தில் நாள் முழுவதும் அதைச் சுவாசிக்கிறார். என்னை இதை எழுத வைத்தது அந்தக் காட்சிதான்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பேச்சில் ஈயம் என்றால் பயம் வருவதில்லை. ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் தனி மணம் என்று சொல்கிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தெருத்தெருவாக வந்த காலம் என் தலைமுறைக்கே நினைவில் இருக்கிறது. அந்த ஈயம் வெள்ளீயம். அது வேறு உலோகம். பெயின்ட்டிலும் பேட்டரியிலும் இருப்பது காரீயம். "பெயின்ட்ல ஈயம் இருக்குதாம்" என்று நான் சொன்னபோது, "ஈயம் ஒடம்புக்கு நல்லதாச்சே" என்று ஒரு பெரியவர் நிஜமாகவே பதில் சொன்னார். அதனால் இந்தப் பதிவு முழுவதும் காரீயம் என்றே எழுதுகிறேன்.

காரீயம் பெரியவர்களின் உடம்புக்குள் போவது முக்கியமாக இரண்டு வழிகளில்: மூச்சு வழியாகத் தூசியும் புகையும், கை வழியாக வாய்க்குப் போகும் துகள்கள். பழைய பெயின்ட் அடித்த இரும்பைக் கேஸ் கட்டிங் செய்யும்போது எழும் புகை இன்னும் மோசமானது. உள்ளே போன காரீயத்தை உடல் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல ஆண்டுகள் தங்கியிருந்து, வேலையை விட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து இறங்கிக் கருவில் இருக்கும் குழந்தையையும் அது எட்டுகிறது. ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு, சுருட்டிப் பிடிக்கும் வயிற்றுவலி, மலச்சிக்கல், நரம்புத் தளர்ச்சி ஆகியவை அதன் அடையாளங்கள். தீங்கே இல்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவற்றில் ஒன்றுகூடக் காரீயத்துக்கு மட்டுமே உரிய நோய்க்குறி இல்லை என்பதால்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. வயிற்றுவலி என்று ஒரு பெயின்டர் போனால் அல்சர் மாத்திரை கிடைக்கும். சோர்வு என்று போனால் சத்து டானிக் கிடைக்கும்.

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். பதினாறு வயதில் ஒரு மேஸ்திரியிடம் பட்டி பார்க்கவும் உப்புத்தாள் போடவும் சேர்ந்தவர், முப்பது வருடம் பெயின்டராகவே இருந்தார். தடைக்காலத்தில் படகு, ஆடியில் கோயில், பொங்கலுக்கு முன்னால் வீடுகள், மற்ற நாட்களில் கேட், கிரில், லாரி பாடி, மணலிப் பக்கம் கான்ட்ராக்டில் டேங்க், பைப்லைன். பத்து வருடத்துக்கு மேலாக அவருக்கு வயிற்றுவலி இருந்தது. "வாயுக் கோளாறு" என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். ஓமத் தண்ணீர், பூண்டு, பெருங்காயம் என்று சித்தி செய்யாத வைத்தியம் இல்லை. 2012-ல் ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானை அவரால் போட முடியவில்லை. வலது மணிக்கட்டு, தண்ணீர் இல்லாத செடியின் தண்டு போல, முன்பக்கமாகத் தொங்கியது. விரல்களை மடக்க முடிந்தது. விரித்து நிமிர்த்த முடியவில்லை. டம்ளரை இடது கையால் எடுத்து வலது கைக்குள் வைத்துக்கொண்டு, "என்னமோ தூக்கத்துல கை அமுங்கிப் போச்சு போல" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். பக்கவாதத்தின் தொடக்கம் என்று ஒருவர் சொன்னார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று இன்னொருவர் சொன்னார். மூன்றாமவர் ஓர் இளம் மருத்துவர். அவர்தான் முதன்முதலாக, "ஐயா, நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. முப்பது வருட வேலையில் அந்த ஒரு கேள்வியை யாராவது பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் அந்தக் கை தொங்கியிருக்காது என்றே இன்றும் நம்புகிறேன்.

நான் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் மனுக்கள் எழுதும் வேலையில் இருப்பவன். சட்டத்தில் இதற்கு வழி இருக்கும் என்று நம்பிக்கையோடுதான் புத்தகத்தைத் திறந்தேன். வழி இருந்தது, அதைப் பார்த்தபோது ஏற்பட்ட வியப்பும், அதன் வழியே நடக்க முயன்றபோது ஏற்பட்ட கசப்பும் இன்னும் எனக்குள் இருக்கின்றன.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொழிலால் வரும் நோய்களில் எவற்றைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியல் அது. அதில் முதல் வரியே காரீய நச்சுதான். அப்படி ஒரு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 89-ஆம் பிரிவு சொன்னது. தவறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 87-ஆம் பிரிவு ஆபத்தான வேலைகளுக்குத் தனி விதிகள் செய்யவும், அந்த வேலையில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. காற்றில் எவ்வளவு காரீயம் இருக்கலாம் என்ற உச்ச அளவும் அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எண்ணாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் இவ்வளவும் ஒரு தொழிற்சாலையின் வாசலுக்குள் நடக்கும் வேலைக்கு. சித்தப்பாவுக்கு வாசல் இல்லை. ஒரு வாரம் ஒரு வாசல், மறு வாரம் வேறொரு வாசல்; பல வாரங்கள் எந்த வாசலும் இல்லாத கடற்கரை. அந்த இளம் மருத்துவர் அறிக்கை அனுப்ப நினைத்திருந்தாலும் எந்தத் தொழிற்சாலையின் பெயரை எழுதியிருப்பார்?

அடுத்து இழப்பீடு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோயை விபத்துக் காயத்துக்குச் சமமாகக் கொண்டது. வடசென்னைக்காரனாக அந்த ஆண்டு எனக்கு நெருக்கமானது. 1918-ல் பெரம்பூரில் மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923 மே மாதம் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றினார். அதே ஆண்டில் வந்த சட்டம் இது. அதன் மூன்றாம் அட்டவணையில் நோய்கள் அ, ஆ, இ என்ற மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. காரீயத்தால் வரும் நோய்கள் முதல் பகுதியில் இருந்தன. ஆகவே, இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இருக்கவில்லை. வேலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. தொழிலாளிக்கு இதைவிடச் சாதகமாக ஒரு பிரிவை எழுத முடியாது என்று அன்று இரவு நினைத்தேன்.

முட்டுக்கட்டை அதே அட்டவணையில் இருந்தது. நுரையீரலில் தூசி படிந்து வரும் நோய்கள் போன்றவை மூன்றாம் பகுதியில் இருந்தன. அந்தப் பகுதியில் உள்ள நோய் ஒருவருக்குப் பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்ததால் வந்திருந்தால், அத்தனை முதலாளிகளும் ஆணையர் முடிவு செய்யும் விகிதத்தில் இழப்பீட்டைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொன்னது. அந்தப் பகிர்வு மூன்றாம் பகுதிக்கு மட்டுமே. முதல் பகுதியில் இருக்கும் காரீயத்துக்கு அது கிடையாது. முப்பது வருடத்தில் நாற்பது கான்ட்ராக்டர்களிடம் வேலை செய்த மனிதர் ஒருவரைக் கைகாட்டி, இவரிடம் இருந்தபோதுதான் எனக்கு இந்த நோய் வந்தது என்று சொல்ல வேண்டும். எலும்பில் வருடக்கணக்காகச் சேர்ந்த பொருளுக்கு எந்தக் கான்ட்ராக்டரின் பெயரை எழுதுவது? கடைசியாக வேலை கொடுத்தவரிடம் போனோம். "அவரு நம்மகிட்ட வேலைக்கே வரலையே, மேஸ்திரிதான ஆளு கூட்டிட்டு வருவாரு" என்றார். மேஸ்திரி எங்கள் உறவுக்காரர். அவர்மேல் மனுப் போட வேண்டாம் என்று சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார், ஒரு கை தொங்கிக்கொண்டிருக்கும்போதே. நான் எழுதிய மனு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இதில் முதலாளியை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு தவறு நடந்தது. சித்தப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையை வாசலில் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். சுத்தமாக இருக்கிறோம் என்ற எண்ணத்தில்தான். அந்த வாசலில்தான் அவருடைய மகள், என் தங்கை, தவழ்ந்து விளையாடினாள். அந்தச் சட்டையைச் சித்தி எங்கள் எல்லோருடைய துணிகளோடும் சேர்த்து ஊறவைத்தார். குழந்தையின் உடல் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சும்; மூளை வளரும் வயதில் அது செய்யும் கேட்டைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. தங்கைக்கு யாரும் பரிசோதனை செய்யவில்லை. இதை எங்களுக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை.

சொல்லித்தர வேண்டும் என்று உலகத்துக்குத் தெரியாமல் இருந்ததா என்றால், நூறு வருடமாகத் தெரியும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே வெள்ளைக் காரீயம் என்ற பெயின்ட் நிறமி பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது, வரிசையில் 13-ஆவது. கட்டடங்களின் உள்பூச்சில் வெள்ளைக் காரீயத்தைப் பயன்படுத்துவதைத் தடுத்த அந்த உடன்படிக்கை, தடை பொருந்தாத இடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னது. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியைத் தடுக்க வேண்டும். வேலையின்போதும் முடிந்த பிறகும் கழுவிக்கொள்ள வசதி வேண்டும். வேலை நேரம் முழுவதும் மேலுடை அணிய வேண்டும். கழற்றி வைத்த சொந்த உடையில் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நச்சு ஏறியதாகச் சந்தேகம் வந்தால் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். காசிமேட்டுப் பலகையில் அமர்ந்திருந்த அந்த மனிதருக்கு இவற்றில் ஒன்றுகூட 2025-லும் கிடைக்கவில்லை. இந்தியா இந்த உடன்படிக்கையை இதுவரை ஏற்கவில்லை. ஆனால் காரீய நச்சுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற 1925-ஆம் ஆண்டின் 18-ஆவது உடன்படிக்கையை 1927-லேயே ஏற்றுக்கொண்டது. நோய் வந்த பிறகு காசு கொடுக்க ஒப்புக்கொண்டு, நோய் வராமல் தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லும் விதியை ஒப்புக்கொள்ளாமல் விட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெயின்ட்டிலேயே காரீயத்தைக் கட்டுப்படுத்திவிட்டார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். 2016 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டப்பாவின்மேல் அதை அச்சிடவும் வேண்டும். நல்ல விதி. ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயின்ட்டுக்கு மட்டும். தொழிற்சாலைகளிலும் வாகனங்களிலும் இயந்திரங்களிலும் அடிக்கும் பெயின்ட் அதற்கு வெளியே நிற்கிறது. வடசென்னைப் பெயின்டர் பாதி நாள் அடிப்பதே அந்தப் பெயின்ட்டைத்தான். அதோடு, 2017-க்கு முன்னால் அடித்த சுவர்களும் சன்னல் கம்பிகளும் கேட்டுகளும் அப்படியே நிற்கின்றன. அவற்றை இனிமேல்தான் ஒவ்வொன்றாகச் சுரண்டப்போகிறார்கள். புதுப் பெயின்ட்டுக்கான விதி பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிறவரைக் காப்பாற்றாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைகள் சட்டமும், 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், இன்னும் பல சட்டங்களும் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புக்குள் போய்விட்டன. இழப்பீட்டுச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலும், அதில் காரீயமும், மருத்துவரின் கடமையும் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. ஆனால் வாசல் இன்னும் பெரிதாகிவிட்டது. மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் முன்பு 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் முன்பு 20, இப்போது 40. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கட்டுமான வேலையும், சொந்தக் குடியிருப்புக்காக 50 லட்சம் ரூபாய்க்குள் நடக்கும் வேலையும் கட்டுமானம் என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் நான் பார்க்கும் வீட்டுப் பெயின்ட்டிங் வேலைகளில் மூன்று பேர் இருப்பார்கள். மிஞ்சினால் ஐந்து பேர். காற்றில் இருக்கலாகாத அளவை இனி மாநில அரசு விதியாக எழுத வேண்டும் என்று தொகுப்பு விட்டுவைத்திருக்கிறது. பழைய அட்டவணையில் அது எட்டு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 0.15 மில்லிகிராம். அமெரிக்காவின் விதியில் அது 0.05. அதாவது, நாம் அனுமதித்தது அதைப் போல மூன்று மடங்கு. தமிழ்நாடு விதி எழுதும்போது அந்தப் பழைய எண்ணையே படியெடுத்துவிடக் கூடாது.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னதால் அங்கிருந்து இரண்டு ஏற்பாடுகளை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். கட்டுமான வேலைக்கான அவர்களுடைய காரீய விதி 1993-ல் வந்தது. காரீயம் உள்ள பூச்சைக் கையால் சுரண்டினாலோ, தேய்த்தாலோ, சூடுகாட்டி உரித்தாலோ, காற்றில் காரீயம் அளவை மீறிவிட்டது என்றே முதலாளி எடுத்துக்கொள்ள வேண்டும். அளந்து பார்த்து இல்லை என்று காட்டும்வரை சுவாசக் கவசம், தனி உடை, கைகழுவும் இடம், ரத்தப் பரிசோதனை, பயிற்சி எல்லாம் கொடுத்தே ஆக வேண்டும். காசிமேட்டுப் பெரியவரின் "எவனோ அட்ச்சுட்டுப் போயிருக்கான்" என்ற பதிலுக்குச் சட்டத்தில் இதுவே சரியான மறுமொழி என்று நினைக்கிறேன். தெரியாததன் சுமை அங்கே தொழிலாளியின் தலையில் விழுவதில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 50 மைக்ரோகிராமை எட்டினால் அந்தத் தொழிலாளியைக் காரீய வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அப்படி விலக்கி வைக்கும் காலத்தில், 18 மாதம் வரை, அவருடைய சம்பளமும் பணிமூப்பும் குறையக் கூடாது. இதன் அருமை பெயின்டர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். சோதனையில் அளவு அதிகம் என்று வந்தால் நாளைக்கு வேலை இல்லை என்ற பயம் இருக்கும்வரை, இலவசமாகவே சோதனை செய்தாலும் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். சித்தப்பாவும் நீட்டியிருக்க மாட்டார். சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாத பரிசோதனை, தொழிலாளியை வேலையிலிருந்து அனுப்பிவிடுவதற்கான கருவியாகத்தான் முடியும்.

நான் கேட்பது இதுதான். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், ஒரே ஒருவர் வேலை செய்தாலும், அபாயகரமான வேலை நடக்கும் இடங்களுக்குத் தொகுப்பைப் பொருத்தும் அதிகாரம் அரசுக்கு அந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது. பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் சுரண்டுவதையும், கிரைண்டர் ஓட்டுவதையும், பெயின்ட் அடித்த இரும்பைக் கேஸ் கட்டிங் செய்வதையும் அப்படி அறிவிக்க வேண்டும். பரிசோதனையை இடத்தோடு கட்டாமல் ஆளோடு கட்ட வேண்டும். அதற்கான அமைப்பு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது: 1994-ல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். பெயின்டர்கள் அதில் உறுப்பினர்கள். கல்வி உதவியும் திருமண உதவியும் ஓய்வூதியமும் அதன் வழியாக வருகின்றன. அதே அட்டையின்மேல் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக் காரீயப் பரிசோதனையும், அளவு அதிகம் வந்தவருக்கு விலகி இருக்கும் மாதங்களுக்கான கூலியும் கொடுக்க முடியும். எந்தக் கான்ட்ராக்டரிடம் இருந்தபோது வந்தது என்ற கேள்வியே அப்போது எழாது. படகுப் பெயின்டர்கள் கட்டுமானத் தொழிலாளர்களா என்ற கேள்வி எழும்; அவர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்கள் பற்றி 1995-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு எனக்குப் பெரிய பிடிமானம். தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன நீதிமன்றம், அவர்களுடைய மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மெதுவாக வரும் நோய்க்கு நீண்ட பதிவேடு வேண்டும் என்ற அந்த அறிவு காரீயத்துக்கும் பொருந்தும். சித்தப்பாவைப் பற்றி உள்ள பதிவேடு ஒரே ஒரு தாள்தான். அதையும் சித்தி ரேஷன் அட்டையோடு மடித்து வைத்திருப்பதால் தப்பித்தது.

இதை எழுதும் முன்னால், காசிமேட்டில் பார்த்த அந்தப் பெரியவரையும் அவருடன் வேலை செய்யும் இரண்டு இளைஞர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அளவு என்னவாக இருந்தாலும் முதலாளியிடம் சொல்ல மாட்டேன் என்று நான் மூன்று முறை உறுதி சொன்ன பிறகுதான் வர ஒப்புக்கொண்டார்கள். ஊசி போடும் முன், ரத்தம் எடுக்கும் பெண் பெரியவரின் முழங்கை மடிப்பைப் பஞ்சால் துடைத்தார். அவர் காலையில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். இருந்தும் பஞ்சில் லேசாக நீலம் ஏறியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் முன்னாடி சுரண்டுன படகும்மா" என்றார். அந்தப் பெண் இன்னொரு பஞ்சை எடுத்தார். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.